உயிரின் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? தன்னொழுங்கமைவும் குவாண்டம் விளைவுகளும்

உயிருள்ளவற்றில் நாம் காணும் ஒழுங்கு, ஆற்றல் ஓட்டத்தால் தானாக உருவாகும் தன்னொழுங்கமைவா, அல்லது உடல் முழுவதும் பரவியிருக்கும் ஏதோவொரு குவாண்டம் ஒத்திசைவின் வெளிப்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளிச்சேர்க்கை, மூளை, பறவைகளின் திசையறிவு ஆகியவை குவாண்டம் விளைவுகளால் இயங்குகின்றன என்று படித்ததில் எவ்வளவு உண்மை என்பது உங்கள் அடுத்த கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், நுண்ணோக்கியில் பார்க்கத்தக்க அளவிலான ஒழுங்கு தன்னொழுங்கமைவால் வருகிறது. அதை விளக்கக் குவாண்டம் ஒத்திசைவு, அதாவது குவாண்டம் நிலைகள் அலைகளைப் போல ஒன்றோடொன்று தாளம் தவறாமல் இணைந்திருப்பது, தேவைப்படவில்லை. குவாண்டம் விளைவுகளும் உயிரணுவில் உறுதியாக இருக்கின்றன, ஆனால் அவை புரதங்களுக்குள் ஓரிரு நானோமீட்டர் தொலைவுகளில், மிகக் குறுகிய நேரங்களில் நிகழ்பவை. இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதைப் பெரும்பாலான விளக்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அந்தச் சந்திப்பு ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள்ளேயே இருக்கிறது என்பதால், அதைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு பழைய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, எப்போதும் பெருகும் என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. அப்படியானால் ஒழுங்கு தானாகத் தோன்றுவது எப்படி? இந்த விதி வெளியுலகத்தோடு எதையும் பரிமாறிக்கொள்ளாத மூடிய அமைப்புக்கே அவ்வாறு பொருந்தும். ஆற்றல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெப்பமாக வெளியேறிக்கொண்டே இருக்கும் திறந்த அமைப்பில், உள்ளே ஒழுங்கு உருவாகலாம். அதற்கான விலை வெளியே பெருகும் என்ட்ரோபியாகச் செலுத்தப்படுகிறது. எர்வின் ஷ்ரோடிங்கர் 1943-இல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் உயிரை இந்தக் கோணத்தில் பார்த்தார். எனினும் இது வேதியியலாளர்களிடையே வேரூன்றக் காலம் பிடித்தது. சோவியத் வேதியியலாளர் பெலூசோவ், ஒரு கரைசலின் நிறம் முன்னும் பின்னுமாக மாறி ஊசலாடுவதை 1950-களின் தொடக்கத்தில் கண்டறிந்து எழுதியபோது, அது நடக்கவே முடியாதது என்று கருதி இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. பின்னர் ஷபோட்டின்ஸ்கி அந்த வேலையை எடுத்து விரிவாக்கினார். இன்று அந்த வினை இருவரின் பெயராலும் வழங்குகிறது. சமநிலையிலிருந்து வெகுதூரம் விலகிய அமைப்புகளின் வெப்ப இயக்கவியலுக்காக இலியா பிரிகோஜின் 1977-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இத்தகைய ஒழுங்கின் மிக எளிய வடிவத்தை ஆன்றி பெனார் 1900-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருந்தார். மெல்லிய திரவப் படலத்தை அடியிலிருந்து சூடாக்கினால், வெப்பநிலை வேறுபாடு ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடக்கும் வரை எந்த அசைவும் இராது. கடந்ததும் முழுப் பரப்பும் தேன்கூடு போன்ற அறுகோணங்களாகப் பிரிந்துகொள்கிறது. ரேலி 1916-இல் இதற்கு மிதப்பு விசையின் அடிப்படையில் ஒரு கோட்பாடு தந்தார். அது அழகான, இன்றும் செல்லுபடியாகும் கோட்பாடு என்றாலும், பெனாரின் மெல்லிய, மேலே திறந்த படலத்தில் உண்மையில் வேலை செய்தது பரப்பு இழுவிசை என்பது 1950-களில்தான் தெளிவாயிற்று. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு ஒன்றாக இருந்தாலும் அதன் காரணம் வேறாக இருக்கலாம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குவாண்டம் பற்றிய பகுதியில் இதே சிக்கல் மீண்டும் வரும்.

இப்போது உயிரணுவுக்கு வருவோம். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா இரண்டு முதல் மூன்று மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு கோல். அது இரண்டாகப் பிரியும்போது பிளவு சரியாக நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் டி.என்.ஏ. இல்லாத வெறுங்குட்டி ஒன்று பிறக்கும். அளவுகோலோ, நடுப்புள்ளியில் முன்கூட்டியே இட்ட குறியோ இல்லாத அந்தக் கோல் தன் நடுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மின்-சி, மின்-டி, மின்-இ என்னும் மூன்று புரதங்கள் (இங்கே 'மின்' என்பது Min என்ற பெயர், மின்சாரம் அல்ல) இதைச் செய்கின்றன. மின்-டி, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உயிரணுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை மேலும் பல மின்-டி மூலக்கூறுகளைத் தம் பக்கத்தில் ஈர்க்கும். பிளவைத் தடுக்கும் மின்-சி அவற்றின்மேல் ஏறிக்கொள்ளும். பிறகு மின்-இ வந்து சேர்ந்து, மின்-டியைத் தன் ஏடிபியை உடைக்கத் தூண்டும். உடைந்ததும் மின்-டி சவ்விலிருந்து விடுபட்டுவிடும். விடுபட்ட மூலக்கூறால் உடனே மீண்டும் ஒட்ட முடியாது. பயன்படுத்திய ஏடிபியின் எச்சத்தைக் கைவிட்டுப் புதிய ஏடிபியைப் பிடிக்கச் சற்று நேரமாகும். அதற்குள் அது கோலின் உட்புறத்தில் எங்கோ பரவிப் போய்விடும். மின்-இ செறிந்திருக்கும் முனையில் ஒட்டுவதைவிட, அது குறைவாக இருக்கும் எதிர்முனையில் ஒட்டுவதற்கே வாய்ப்பு மிகுதி.

இதன் விளைவாக மின்-டி ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், அங்கிருந்து மீண்டும் இங்கும் அலைந்துகொண்டே இருக்கிறது. ஒளிரும் புரதத்தோடு இணைத்துப் படம் எடுத்தால் இந்த ஊசலைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம். 1999-இல் ராஸ்கினும் டி போயரும் அதைத்தான் பார்த்தார்கள். இரு முனைகளிலும் தடுப்பான் மாறி மாறிக் குவிவதால், கால சராசரியில் அது மிகக் குறைவாக இருக்கும் இடம் கோலின் நடு. பிளவு வளையம் அங்கேதான் உருவாகிறது. பாக்டீரியாவைப் பிரியவிடாமல் நீள வளர்த்தால், இரு முனை ஊசலுக்குப் பதிலாக வரிக்குதிரையின் கோடுகளைப் போலப் பல பட்டைகள் தோன்றுகின்றன. வினையும் பரவலும் சேர்ந்தால் சீரான நிலை குலைந்து வடிவங்கள் தோன்றும் என்று ஆலன் டூரிங் 1952-இல் கணித்துக் காட்டியிருந்தார். மின் புரதங்களின் இயக்கம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதில் என்னை மிகவும் கவர்வது 2008-இல் பெட்ரா ஷ்வில்லேயின் குழு செய்த சோதனை. அவர்கள் பாக்டீரியாவையே விட்டுவிட்டு, ஒரு தட்டையான கொழுப்புச் சவ்வின்மேல் தூய்மைப்படுத்திய மின்-டி, மின்-இ, ஏடிபி ஆகியவற்றை மட்டும் சேர்த்தார்கள். சவ்வின்மேல் அலைகளும் சுருள்களும் தாமாகவே எழுந்து நகர்ந்தன. உயிரணுவில் இருப்பதைவிட அவை பல மடங்கு அகலமானவை என்றாலும் இயக்கமுறை அதே வகை. உயிரணுவில் காணும் ஓர் ஒழுங்கை உயிரற்ற கூறுகளிலிருந்து கட்டியெழுப்ப முடிந்தால், எந்தக் கூறுகள் தேவை, எவை தேவையில்லை என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை. ஏடிபி இல்லாவிட்டால் அந்தக் காட்சி எழுவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் ஏடிபி உடையும்போது கிடைக்கும் ஆற்றல், அந்த வெப்பநிலையில் மூலக்கூறுகளின் தற்செயல் அசைவுக்குரிய ஆற்றலைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. மின்-டியின் சுழற்சி ஒரே திசையில் ஓடுவதற்கு அந்த உபரியே காரணம்.

அந்த ஏடிபி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் குவாண்டம் இயற்பியல் கதைக்குள் நுழைகிறது. காற்றில் வளரும் ஈ. கோலையும் நம் மைட்டோகாண்ட்ரியாவும் உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைச் சவ்விலுள்ள புரதங்களின் வழியே ஆக்சிஜன் வரை கடத்துகின்றன. அந்தப் பயணத்தின்போது புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன; அவை திரும்பி வரும் ஓட்டத்தைப் பயன்படுத்தி ஏடிபி உருவாக்கப்படுகிறது. சுவாசத்தொடர் எனப்படும் இந்தப் புரத வரிசையின் முதல் பெரும்புரதத்தில் ஏழு இரும்பு-கந்தகத் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே உலோகக் கம்பி எதுவும் இல்லை. இருப்பது மின்கடத்தாப் புரதம்தான். குவாண்டத்துக்கு முந்தைய பழைய இயற்பியலின்படி எலக்ட்ரான் அந்தத் தடையைத் தாண்டப் போதிய ஆற்றல் இல்லை. அது தடையை ஊடுருவிச் செல்கிறது. டனலிங் என்று அழைக்கப்படும் இந்த ஊடுருவல் முழுக்க முழுக்க ஒரு குவாண்டம் விளைவு.

இதற்கான முதல் வலுவான சான்று 1966-இல் கிடைத்தது. டீவால்ட், பிரிட்டன் சான்ஸ் ஆகிய இருவரும் குரோமேட்டியம் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவில் லேசர் துடிப்பால் எலக்ட்ரான் தாவலைத் தூண்டி, வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே வேகத்தை அளந்தார்கள். அறை வெப்பநிலையில் மைக்ரோ நொடிகளில் நடந்த தாவல், குளிர்விக்கும்போது மெதுவாகி மில்லி நொடி அளவுக்கு வந்தது. ஏறத்தாழ 100 கெல்வினுக்குக் கீழே மேலும் குளிர்வித்தாலும் வேகம் குறையவில்லை. வெப்ப அசைவால் தடையைத் தாண்டும் துகள் அப்படி நடந்துகொள்ளாது. பிற்காலத்தில் பல புரதங்களின் அமைப்பை ஒப்பிட்டபோது, இத்தகைய தாவல்களுக்குரிய இடைவெளி பொதுவாக 14 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அடங்குவது தெரிந்தது. இடைவெளி 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினால் தாவலின் வேகம் பத்தில் ஒரு பங்காகிறது. எனவே பெருந்தொலைவை ஒரே தாவலில் கடப்பது உயிருக்குப் பயன்படாது. அதனால்தான் இடையிடையே இரும்பு-கந்தகத் தொகுதிகள்.

ஆக, ஒரே பாக்டீரியாவுக்குள் எலக்ட்ரான்கள் நானோமீட்டர் அளவில் ஊடுருவிச் செல்கின்றன. அந்த ஓட்டம் ஏடிபியைத் தருகிறது. அந்த ஏடிபி மைக்ரோமீட்டர் அளவில் மின் புரதங்களின் அலையை ஓட்டுகிறது. முன்னது குவாண்டம் நிகழ்வு, பின்னது வினையும் பரவலும் சேர்ந்த பழைய இயற்பியல். ஆனால் முன்னதன் குவாண்டம் தன்மை எந்த வடிவிலும் பின்னதற்குக் கடத்தப்படுவதில்லை. கடத்தப்படுவது ஆற்றல் மட்டுமே. ஏடிபி எந்த வழியில் உருவானது என்பது மின்-டிக்குத் தெரியாது. ஷ்வில்லேயின் தட்டையான சவ்வின்மேல் சுவாசத்தொடரே இல்லாமல் அலைகள் எழுந்ததிலிருந்து இதை உறுதியாகச் சொல்லலாம்.

எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு கனமான ஹைட்ரஜன் அணுக்கருவும் நொதிகளில் ஊடுருவிச் செல்கிறது. ஹைட்ரஜனுக்குப் பதிலாக இரு மடங்கு கனமான டியூட்டீரியத்தை வைத்தால் வினை எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதே இதற்கான சோதனை. அறை வெப்பநிலையில் பழைய இயற்பியல் அனுமதிப்பது ஏறத்தாழ 7 மடங்கு. ஜூடித் கிளின்மன் குழுவினர் விரிவாக ஆராய்ந்த சோயா லைப்பாக்சிஜனேஸ் நொதியில் அது 80 மடங்கு வரை போகிறது. இந்த எண்ணை வேறு எவ்வகையிலும் விளக்க முடியவில்லை. ஆனால் நொதிகளின் வியத்தகு வேகம் முழுவதற்கும் ஊடுருவலே காரணம் என்று சொல்வது மிகை. நொதி இல்லாத கரைசலிலும் ஹைட்ரஜன் ஊடுருவவே செய்கிறது. நொதி செய்வது பெரும்பாலும் ஹைட்ரஜனைத் தரும் மூலக்கூறையும் பெறும் மூலக்கூறையும் சரியான நெருக்கத்துக்குக் கொண்டுவந்து, தடையைத் தாழ்த்தி நிறுத்துவதுதான்.

இதுவரை பார்த்தவற்றில் எங்கும் நீண்ட நேரக் குவாண்டம் ஒத்திசைவு தேவைப்படவில்லை. அத்தகைய ஒத்திசைவு உடலின் பெரிய அளவுகளில் நிலவ முடியுமா என்பதே உண்மையான சர்ச்சை. இந்த எண்ணத்துக்கு மதிப்புக்குரிய ஒரு தோற்றுவாய் உண்டு. லேசரில் ஆற்றலைத் திணிக்கும் வீதம் ஒரு வாசலைக் கடந்ததும், தனித்தனியாக ஒளிர்ந்த அணுக்கள் ஒரே கட்டத்தில் ஒளிரத் தொடங்குகின்றன. இதைத் தன்னொழுங்கமைவின் முன்மாதிரியாகவே ஹெர்மன் ஹாக்கன் வளர்த்தெடுத்தார். உயிரணுவின் சவ்வுகளிலும் புரதங்களிலும் உள்ள அதிர்வுகள் இதேபோல ஆற்றல் ஊட்டப்பட்டு ஒரே அதிர்வில் குவியலாம் என்று 1968-இல் ஹெர்பர்ட் ஃப்ரோலிக் முன்மொழிந்தார். கோட்பாடாக அதில் பிழையில்லை. ஆனால் 2009-இல் வெளிவந்த விரிவான கணக்கீடுகள், முழு ஒத்திசைவுள்ள நிலைக்குத் தேவையான ஆற்றல் ஊட்டம் உயிர்த்திசுவில் கிடைக்கக்கூடியதல்ல என்று காட்டின. மூளையின் நுண்குழல்களில் குவாண்டம் மேற்பொருந்தல் (ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருத்தல்) நிலவுவதாக இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஹாமராஃபும் முன்வைத்த கருத்துக்கும் இதே வகைத் தடை உண்டு. மேக்ஸ் டெக்மார்க் 2000-இல் கணக்கிட்டபடி, வெதுவெதுப்பான, நீர் நிறைந்த மூளையில் அத்தகைய ஒத்திசைவு 10⁻¹³ நொடிக்குள் குலைந்துவிடும். நரம்புத் துடிப்போ மில்லி நொடிகளில் நடப்பது. அவருடைய கணக்கின் சில உள்ளீடுகளை மறுத்தவர்கள் உண்டு. ஆனால் இத்தனை பெரிய இடைவெளியை நிரப்பியதாக நான் ஏற்கத்தக்க அளவீடு எதுவும் வரவில்லை. 'குவாண்டம்' என்ற சொல்லை ஒட்டி விற்கப்படும் நலவாழ்வுப் பொருள்களும் சிகிச்சைகளும் இந்தச் சர்ச்சையில் இடம்பெறவே தகுதியற்றவை: எந்த மூலக்கூறில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவற்றிடம் விடை கிடையாது. நோயுற்றவர்களின் பணத்தையும் காலத்தையும் அவை பறிப்பதால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒளிச்சேர்க்கை பற்றிய கூற்று இதைவிடக் கவனத்துக்குரியது. பச்சைக் கந்தக பாக்டீரியாவில், ஒளியைப் பிடிக்கும் பகுதிக்கும் வினை மையத்துக்கும் இடையே எஃப்.எம்.ஓ. என்ற புரதம் ஆற்றலைக் கடத்துகிறது. 2007-இல் பெர்க்லியில் கிரகாம் ஃபிளெமிங் குழுவினர் 77 கெல்வினில் அதை மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் ஆராய்ந்தபோது, 660 ஃபெம்டோ நொடிகள் (ஒரு ஃபெம்டோ நொடி 10⁻¹⁵ நொடி) வரை நீடித்த ஊசல்களைக் கண்டார்கள். ஆற்றல் எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் ஆராய்ந்து சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்து உலகெங்கும் பரவியது. உங்களிடம் வந்து சேர்ந்ததும் அதுவாகவே இருக்கும். ஆனால் 2017-இல் அறை வெப்பநிலையில் செய்த அளவீடுகள், எலக்ட்ரான் நிலைகளுக்கிடையேயான ஒத்திசைவு ஏறத்தாழ 60 ஃபெம்டோ நொடிகளிலேயே மறைவதைக் காட்டின. நீண்ட ஊசல்கள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் அதிர்வுகளே என்ற முடிவுக்குத் துறை வந்துசேர்ந்தது. ஊசல் உண்மை, அதன் காரணம் வேறு. பெனாரின் அறுகோணங்களில் நடந்ததும் இதுதான். இங்கே குவாண்டம் இயற்பியல் முற்றிலும் விலகிவிடவுமில்லை. கிளர்வுற்ற நிலை ஒரே நிறமியில் தங்காமல் பல நிறமிகளில் ஒருசேரப் பரவியிருப்பது குவாண்டம் விளைவே. ஆற்றல் விரைந்து கடக்க அது உதவுகிறது. எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் தேடிப் பார்க்கிறது என்ற விளக்கம்தான் நிற்கவில்லை.

உங்கள் மூன்று எடுத்துக்காட்டுகளில் பறவையின் திசைகாட்டி மட்டுமே நீண்ட ஒத்திசைவை உண்மையிலேயே கோருவது. ஐரோப்பிய ராபின் இருபது கிராமுக்கும் குறைவான எடையுள்ள குருவி. இரவில் தனியாக வலசை போகிறது. பூமியின் காந்தப்புலத்தை அது உணர்கிறது என்பதை ஃபிராங்பர்ட்டில் வில்ட்ஷ்கோ இணையர் நிறுவினார்கள். அந்தத் திசைகாட்டி வடக்கையும் தெற்கையும் பிரித்தறிவதில்லை. புலக்கோடுகள் தரையோடு செய்யும் சாய்வை அறிகிறது. நீல, பச்சை ஒளியில் வேலை செய்கிறது, சிவப்பு ஒளியில் குழம்புகிறது. கையிலுள்ள காந்த ஊசி இப்படி நடந்துகொள்ளாது. கிளாஸ் ஷுல்ட்டன் 1978-இல் ஒரு விளக்கம் முன்மொழிந்தார். ஒளி பட்டு ஓர் எலக்ட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது, இரண்டிலும் இணையற்ற எலக்ட்ரான் ஒவ்வொன்று எஞ்சும். அவற்றின் ஸ்பின்கள் (எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் குவாண்டம் பண்பு) எதிரெதிராக இருக்கும் சிங்கிளெட் நிலைக்கும், இணையாக இருக்கும் டிரிப்ளெட் நிலைக்கும் இடையே நொடிக்குப் பல பத்து லட்சம் முறை மாறிக்கொண்டிருக்கும். காந்தப்புலத்தின் திசை அந்த மாற்றத்தைச் சற்றே திருத்தும். இறுதியில் கிடைக்கும் வேதிப்பொருள்களின் விகிதம் அதற்கேற்ப மாறும்.

பூமியின் புலம் ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா; ஓர் எலக்ட்ரான் ஸ்பின்னோடு அது கொள்ளும் ஆற்றல், வெப்ப அசைவின் ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. சமநிலையில் உள்ள எந்த வேதிவினையையும் அதனால் அசைக்க முடியாது. ஆனால் இந்த ஜோடி சமநிலையில் பிறப்பதில்லை. நீல ஒளியின் ஒரு துகள், வெப்ப ஆற்றலைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு ஆற்றலை முன்பணமாகச் செலுத்திவிட்டது. புலம் செய்ய வேண்டியது, எந்தப் பக்கம் சரியலாம் என்ற நிலையில் உள்ள அமைப்பைச் சற்றே சாய்ப்பது மட்டுமே. மேலும், மூலக்கூறுகளின் வெப்ப அதிர்வு எலக்ட்ரானின் ஸ்பின்னோடு மிக வலுவற்ற பிணைப்பையே கொண்டிருப்பதால், ஸ்பின் ஒத்திசைவு மைக்ரோ நொடி அளவுக்கு நீடிக்க முடியும். சமநிலையிலிருந்து விலகியிருத்தல்தான் மின் புரதங்களின் அலையையும் இந்தத் திசைகாட்டியையும் இணைக்கும் ஆழமான பொதுத்தன்மை என்று நான் கருதுகிறேன். இரண்டிலும் ஆற்றல் ஓட்டம் நின்றால் ஒழுங்கும் உணர்வும் நின்றுவிடும்.

சான்றுகள் எங்கே நிற்கின்றன? கண்ணின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம்-4 என்ற ஒளியுணர் புரதம் இன்று முதன்மை வேட்பாளர். 2021-இல் ராபினின் அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரித்து அளந்தபோது, அது கோழி, புறா ஆகியவற்றின் அதே புரதத்தைவிடக் காந்தப்புலத்துக்கு மிகுதியாக இசைந்தது. ஆனால் அளவீடுகளில் பயன்பட்டது பூமியின் புலத்தைவிட மிக வலிய புலம். 2014-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மௌரிட்சன் குழுவினர் காட்டியது எனக்கு இன்னும் வலுவானதாகத் தோன்றுகிறது. வளாகத்தின் மரக்குடில்களில் திசையறிய முடியாமல் தவித்த ராபின்கள், குடிலை அலுமினியத் தகடுகளால் மூடி நிலத்தோடு இணைத்ததும் திசையறிந்தன. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மின்காந்த இரைச்சலே அவற்றைக் குழப்பியது. இத்தனை மென்மையான அலைகள் குழப்புவது ஸ்பின் விளக்கத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது; காந்த இரும்புத் துகள் விளக்கத்தோடு பொருந்துவதில்லை. மறுபக்கத்தில், பழ ஈக்களும் கிரிப்டோகுரோமால் காந்தப்புலத்தை உணர்கின்றன என்று முன்னர் வந்த முடிவை, ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஈக்களைக் கொண்டு 2023-இல் மீண்டும் சோதித்தபோது எந்த விளைவும் தென்படவில்லை. அந்த மறுசோதனையில் மௌரிட்சனும் பங்கேற்றார் என்பதை மதிப்போடு குறிப்பிட வேண்டும்.

எனவே ராபினைப் பொறுத்தவரை எஞ்சியிருக்கும் தீர்மானமான சோதனை எதுவென்று தெளிவாகத் தெரிகிறது: உயிருள்ள பறவையின் விழித்திரையில் அந்தப் புரதத்தை மட்டும் நீக்கி அல்லது எலக்ட்ரான் தாவும் அதன் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்களின் வரிசையை மாற்றி, சூரியனையும் விண்மீன்களையும் கொண்டு திசையறியும் திறன் கெடாமல் இருக்கக் காந்தத் திசையறிவு மட்டும் மறைகிறதா என்று பார்ப்பது. காட்டுக் குருவி ஒன்றின் மரபணுவை அவ்வாறு திருத்தி வளர்ப்பது எலியில் செய்வதைப் போல எளிதன்று. அது கைகூடும் வரை, பறவையின் திசைகாட்டி குவாண்டம் விளைவால் இயங்குகிறது என்பதை மிகவும் நம்பத்தக்க கருதுகோள் என்று சொல்லலாம். சுவாசத்தொடரில் எலக்ட்ரான் ஊடுருவுகிறது என்பதைப் போல நிறுவப்பட்ட உண்மை என்று இன்னும் சொல்ல முடியாது.